ரப்பர் குழாயை அழுத்திப் பாருங்கள்!

பொங்கலுக்கு ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து மோட்டார் சைக்கிளிலேயே சேலம் போய் வருகிறவர்கள் உண்டு. மைசூரில் 1996 வரை தயாரான பழைய யெஸ்டிக்குக் காற்றே போதும். 2008-ல் யமஹா ஆர்15 வந்த பிறகு ரேடியேட்டர் வண்டிகள் பெருகிவிட்டன.

அதன் ரப்பர் குழாயை யாரும் கவனிப்பதில்லை. வெளியே பளபளப்பாக இருக்கும், உள்ளே இற்றுப்போயிருக்கும். திரும்பும்போது தொப்பூர் ஏற்றத்தில் வெடித்தால் எஞ்சினே பிடித்துக்கொள்ளும். அப்புறம் சம்பளம் மெக்கானிக்குக்குத்தான்! நான் இதைக் கற்றது ஓசூர் தாண்டி, நடுரோட்டில்.

மூன்று, நான்கு ஆண்டுக்கு ஒரு தடவை மாற்றிவிடுங்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போது விரலால் அழுத்துங்கள். களிபோல் அமுங்கினாலும், கட்டைபோல் விறைத்திருந்தாலும், கிளிப் ஓரம் உப்பியிருந்தாலும் தவணை முடிந்தது. கூலன்ட் குறைந்தால் போர் தண்ணீர் ஊற்றாதீர்கள், உப்புப் படியும். சூட்டோடு மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும்.