சுழலாத தட்டின் கணக்கு

தர்மபுரியிலிருந்து ஓசூர் வழியாகப் பெங்களூருக்கு உத்தியோகத்துக்குப் போகும் நம் ஜில்லாப் பிள்ளைகளில், வங்கிகளுக்கும் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்கும் கணக்கு வைக்கும் மெயின்ஃப்ரேம் என்ற பெருங்கம்ப்யூட்டர்களைப் பராமரிப்பவர்களும் உண்டு. "கெர்னலில் டாஸ்டி டிரைவருக்கு ஆப்ஷன் போடுகிறேன்" என்று அவர்களில் ஒருவன் சொன்னால், பெற்றவர்கள் தலையசைத்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். விளங்காத விஷயமன்று அது. கெர்னல் என்பது லினக்ஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தின் உட்கரு; டாஸ்டி என்பது மெயின்ஃப்ரேமின் டிஸ்க்; டிரைவர் என்பது அதை இயக்கும் புரோகிராம். கொஞ்சம் பழைய சரித்திரம் தெரிந்தால் போதும்.

1964 ஏப்ரல் 7-ஆம் தேதி ஐ.பி.எம். கம்பெனி அறிவித்த சிஸ்டம்/360 வரிசையில், டிஸ்கில் எழுதும் ஒவ்வொரு பதிவுக்கும் முன்னால் அதன் இடத்தையும் நீளத்தையும் சொல்லும் தலைப்பு, வேண்டுமானால் ஒரு தேடுகுறி, அதற்குப் பிறகே விஷயம் என்ற சம்பிரதாயம் ஏற்பட்டது. தாலுகா கச்சேரிக் குமாஸ்தா வெள்ளைப் பேரேட்டில் தாமே கோடு கிழித்துக்கொள்வதைப் போல, பதிவின் நீளத்தை எழுதுகிற புரோகிராமே நிர்ணயித்துக்கொள்ளலாம். ஜெர்மானிய உதவியோடு 1973-இல் சென்னை ஐ.ஐ.டி.யில் நிறுவப்பெற்ற ஐ.பி.எம். 370/155 இந்த வம்சத்தைச் சேர்ந்ததுதான்.

1999 டிசம்பரில் லினக்ஸை மெயின்ஃப்ரேமில் ஓட்டுவதற்கான திருத்தங்களை ஐ.பி.எம். வெளியிட்டபோது, அந்தச் சம்பிரதாயமும் கெர்னலுக்குள் குடிபுகுந்தது. கெர்னலைத் தயாரிப்பவரிடம் சில கேள்விகள் கேட்கப்படும். பழைய வம்சத்தின் விரிந்த வடிவமான இ.சி.கே.டி. டிஸ்க் வேண்டுமா, ஒரே அளவுப் பிளாக்குகள் முன்கூட்டியே அமைந்த எஃப்.பி.ஏ. வேண்டுமா, இசட்/வி.எம். என்ற மேலாளரிடமே எழுதும் பொறுப்பை ஒப்படைக்கும் டயாக் முறை வேண்டுமா என்பவை அவை. ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை, மாட்யூல் (தேவைப்படும்போது தனியே ஏற்றிக்கொள்வது) என்ற மூன்றில் ஒன்றைச் சொல்லலாம். மாட்யூல் என்று சொல்லி, லினக்ஸின் ரூட் ஃபைல் சிஸ்டத்தையும் அதே டிஸ்கில் வைத்துவிட்டு, பூட் ஆகும்போது முதலில் நினைவகத்தில் ஏறும் பொதியில் அந்த மாட்யூலைச் சேர்க்க மறந்தவருடைய கம்ப்யூட்டர், தன் வீட்டுச் சாவியை வீட்டுக்குள்ளேயே பூட்டிவிட்ட நிலையில் பாதியில் நின்றுபோகும். எந்தெந்த எண்ணுள்ள டிஸ்குகளை எழுப்ப வேண்டும், எதைப் படிக்க மட்டும் அனுமதிக்க வேண்டும் என்பதைப் பூட் வரியிலேயே எழுதலாம். விட்டுப்போனதைப் பிறகு கையால் ஆன்லைனுக்குக் கொண்டுவரலாம்.

அடுத்தது டிஸ்கைப் பிளாக்குகளாகப் பிரிக்கும் ஃபார்மேட். 1989-இல் வந்த 3390 ரக டிஸ்கின் ஒரு டிராக்கில் 56,664 பைட்டை ஒரே பதிவாக எழுதலாம். 4,096 பைட் பிளாக்குகளாகப் பிரித்தால் 12 அடங்கும். மொத்தம் 49,152 பைட். சிக்கனம் என்று நினைத்து 512 பைட்டாகப் பிரித்தாலோ 49 பிளாக்குகளே கொள்ளும். கிடைப்பது 25,088 பைட், அந்த 56,664-இல் பாதிக்கும் குறைவு. மிச்சத்தைத் தலைப்புகளும் இடைவெளிகளும் விழுங்கிவிடுகின்றன. ஆகையால்தான் அநேகமாக எல்லாரும் 4,096 என்றே போடுகிறார்கள்.

இதிலே வேடிக்கை என்னவென்றால், அந்த 3390 தட்டுகள் இன்று சுழல்வதே இல்லை. தற்காலச் சேமிப்புப் பெட்டிக்குள் இருப்பவை ஃபிளாஷ் சில்லுகளாகவே இருந்தாலும், 15 டிராக் ஒரு சிலிண்டர் என்ற பழைய பாஷையிலேயே அது கெர்னலுக்குப் பதில் சொல்கிறது. வீண் ஆடம்பரம் என்று இதைப் பரிகசிப்பவர்கள் உண்டு. அரை நூற்றாண்டுக்கு முன் எழுதிய வங்கிப் புரோகிராம்கள் திருத்தமின்றி ஓடுவதற்கு இந்தப் பாவனை கொடுக்கும் சௌகரியத்தை நோக்க, எனக்கு அது நியாயமான விலையாகவே படுகிறது. 3390-இன் மூன்றாம் மாடலுக்கு 3,339 சிலிண்டர். டிராக்குக்கு 49,152 பைட் என்று வைத்துப் பெருக்கிப் பார்த்தால் சுமார் 246 கோடி பைட். பையன் சட்டைப் பையில் வைத்திருக்கும் செல்போனில் இதைப்போல் பல மடங்கு இடம் இருக்கும்.