அழுகையை அடக்குவதற்கு முன்

ஞாயிறு மதியம் சிங்கப்பூரின் தேக்கா சந்தையின் உணவுக்கடைப் பக்கம் உட்கார்ந்து பாருங்கள். மூன்று வயதுக் குழந்தை அழத் தொடங்கியதும் யாராவது கைபேசியை நீட்டுவார்கள். யாராவது "ஆம்பளப் புள்ள அழலாமா?" என்பார்கள். அப்படியும் அடங்காவிட்டால் "போலீஸ் வந்து பிடிச்சிட்டுப் போயிடும்" என்ற மிரட்டல் வரும். அழுகை நின்றுவிடும். ஏன் அழுதது என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

போலீஸ் மிரட்டலைத் தயவுசெய்து இன்றோடு விட்டுவிடுங்கள். சிராங்கூன் சாலைக் கூட்டத்தில் கைநழுவிப் போகும் பிள்ளை உதவிக்கு ஓட வேண்டியது சீருடை போட்டவரிடம்தான். அவரைக் கண்டாலே ஒளியும்படி நாமே பழக்கிவிட்டு, பிறகு பதறிப் பயனில்லை.

உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லத் தெரியாத குழந்தை அடிக்கும், கடிக்கும், தரையில் புரளும். பாலர் பள்ளிக்குக் கிளம்பும்போதெல்லாம் "வயிறு வலிக்குது" என்னும். அந்த வலி பொய் என்று ஒதுக்காதீர்கள், பயமாகவும் இருக்கலாம். அதற்கு வார்த்தை கொடுப்பது நம் வேலை. அடுக்கிய கட்டை சரிந்து குழந்தை கத்தினால், "கட்டை விழுந்துருச்சு, உனக்குக் கோவம் வந்துருச்சு" என்று அருகில் அமர்ந்து சொல்லுங்கள். தம்பியை அடித்தால், "கோவம் வரலாம், அடிக்கக் கூடாது" என்று இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள். இரண்டு வயதில் கேட்டுக்கொள்ளும். மூன்று, நான்கு வயதில் சந்தோஷம், கோபம், பயம், சோகம் என்று தானே சொல்லத் தொடங்கும். பிறகு ஏமாற்றம், பொறாமை, வெட்கம் எல்லாம் வரும். உணர்ச்சிக்குப் பெயர் சொல்லும்போது மூளையின் அமிக்டலா பகுதியின் செயல்பாடு தணிவதை 2007இல் கலிஃபோர்னியா ஆய்வாளர்கள் பெரியவர்களிடம் கண்டார்கள். அம்மா, பாட்டி, இல்லப் பணிப்பெண் மூவரும் ஒரே சொற்களைப் பயன்படுத்தட்டும். தேவைப்பட்டால் எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டுங்கள்.

இனி அலுவல் வேலை. கோட்டைவிடுவது இங்கேதான்.

பிள்ளை பிறந்ததும் தந்த சுகாதாரக் கையேட்டை எடுங்கள். 2–3 வயதிலும் 4–6 வயதிலும் செய்ய வேண்டிய வளர்ச்சிப் பரிசோதனைக்கான பக்கங்கள் அதில் இருக்கின்றன. மற்றவர்களோடு பழகுவது, பேசுவது பற்றிய கேள்விகளுக்கான பதில்களைப் பெற்றோர் வீட்டிலேயே குறித்துக்கொண்டு போக வேண்டும். தடுப்பூசிப் பக்கத்தைத் தவறாமல் நிரப்பும் பலர் இந்தப் பக்கங்களைக் காலியாக விடுகிறார்கள். காலியான பக்கத்தைப் பார்த்து எந்த மருத்துவரும் எதையும் கண்டுபிடிக்க முடியாது.

வளர்ச்சியில் சந்தேகம் இருந்தால் கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனை தேக்காவிலிருந்து நடக்கும் தூரம்தானே என்று நேரே போய் நிற்காதீர்கள். முதலில் பலதுறை மருந்தகம். ஹெல்த்ஹப் செயலியில் நேரம் பதிவுசெய்து, கையேட்டோடு போங்கள். அங்கு கிடைக்கும் பரிந்துரைக் கடிதத்தோடு சிறப்பு மருத்துவரிடம் போனால் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மானியக் கட்டணம் கிடைக்கும். தனியார் நோயாளியாகப் பதிவுசெய்துவிட்டுப் பிறகு மாற்றிக்கொள்வது எளிதல்ல. பள்ளி ஆசிரியரிடம் குறிப்பு எழுதி வாங்குங்கள்: எப்போது, எங்கே, என்ன நடந்தது, எவ்வளவு நேரம். 4–6 வயதுக்கான தேசியப் பாடத்திட்டக் கட்டமைப்பில் சமூக, மனவெழுச்சி வளர்ச்சி தனிக் கற்றல் பகுதி. அதனால் அந்தக் குறிப்பைக் கேட்பது உங்கள் உரிமை. "கொஞ்சம் சேட்டை" என்ற ஒரு வரியோடு பெற்றோரை அனுப்பிவிடும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அந்த வரியோடு வீடு திரும்பாதீர்கள். மருத்துவரும் இரண்டு நிமிடத்தில் "வளர்ந்தா சரியாயிடும்" என்றால், எழுதிய குறிப்பை முன்னால் வையுங்கள்.

காத்திருக்கக் கூடாதவை: பேசிக்கொண்டிருந்த பிள்ளை பேச்சை இழப்பது, தன்னையே காயப்படுத்திக்கொள்வது, நின்றுபோன படுக்கை நனைத்தல் திடீரென்று திரும்புவது, குறிப்பிட்ட ஒருவரைக் கண்டால் மட்டும் நடுங்குவது.

கடைசியாகச் சொன்னது தனிக் கவனம் வேண்டுவது. "எனக்குப் பயமா இருக்கு" என்று சொல்லத் தெரிந்த பிள்ளையால்தான் யார் பயமுறுத்துகிறார் என்றும் சொல்ல முடியும். சொன்னால் குறுக்கு விசாரணை செய்யாதீர்கள், சம்பந்தப்பட்டவரை அழைத்து நேருக்கு நேர் நிறுத்தாதீர்கள், சொந்தக்காரர் என்று மூடி மறைக்காதீர்கள். வன்முறைக்கும் பாலியல் துன்புறுத்தலுக்குமான தேசிய உதவித் தொலைபேசி 1800-777-0000 நாள் முழுவதும் இயங்குகிறது. உடனடி ஆபத்தென்றால் 999. பிள்ளையின் மனத்துக்கு இழைக்கும் தீங்கையும் சிறுவர், இளையர் சட்டம் கணக்கில் கொள்கிறது.

வீட்டுச் சண்டை, பணநெருக்கடி பிள்ளையைப் பாதித்தால் குடும்பச் சேவை நிலையம் உண்டு. உங்கள் வட்டாரத்துக்கானது எது என்று 1800-222-0000 எண்ணில் கேட்கலாம். தொடக்கப்பள்ளிக்குப் போனபின் முதலில் பார்க்க வேண்டியவர் பள்ளி ஆலோசகர். பிள்ளை தானே பேச விரும்பினால் சிங்கப்பூர் சிறுவர் சங்கத்தின் டிங்கிள் ஃபிரண்ட் உதவித் தொலைபேசி, 1800-2744-788.

"இந்த வயசுல எல்லாரும் இப்படித்தான்" என்ற பேச்சை நம்பி ஒரு வருடத்தைத் தள்ளிப் போடாதீர்கள். சிறப்பு மருத்துவரைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம்; நீங்கள் தாமதிக்கும் மாதங்கள் அதன்மேல் சேரும். பிள்ளை ஆறு வயதுக்குள் இருந்தால் இன்றிரவே கையேட்டைத் தேடி எடுங்கள். காலியாக இருக்கும் பக்கத்தை நிரப்புங்கள். நாளை நேரம் பதிவுசெய்யுங்கள்.