கபடி வீரரின் முழங்காலும் இரு தொழிற் பயிற்சிகளும்

கபடியாட்டத்தில் வாலிபருக்கு முழங்கால் பிசகினால் உடனே இழுத்து உருவிவிடும் வழக்கம் நம் கிராமங்களில் இன்னும் நீங்கவில்லை. மூட்டைப் பிணைக்கும் நார் அறுந்திருப்பின் இதனால் தீங்கே விளையும்.

பிசியோதெரபி எனும் இயன்முறைச் சிகிச்சையில் பட்டம் பெற்றவர், அடிபட்ட மூட்டைச் சோதித்து மீண்டும் இயங்கச் செய்கிறார். இத்தொழிலை 2021ஆம் ஆண்டின் மத்திய சட்டம் முறைப்படுத்துகிறது. வலுப்பயிற்சியாளரோ, தசைகளைப் படிப்படியாக உரமேற்றிக் காயம் நேராவண்ணம் காக்கிறார். பாட்டியாலாவில் 1961இல் நிறுவப்பெற்ற தேசிய விளையாட்டுக் கழகம் விளையாட்டுப் பயிற்சியாளர்களுக்குப் பட்டயம் வழங்கி வருகிறது.

நார் அறுந்து அறுவைச் சிகிச்சை பெற்றவர் 9 மாதங்களுக்கு முன் களமிறங்கினால் மீண்டும் காயமுறும் அபாயம் மிகுதி. அக்காலத்தில் இவ்விருவர் துணையும் தேவை.

ஆதலின், பந்தயம் நடத்தும் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் பயிற்சியாளரின் சான்றிதழைக் கேட்டறிவார்களாக. பரிசுக் கோப்பையினும் வீரரின் கால் பெரிதென்பதை நாம் மறத்தலாகாது; நாளை ஏர் பிடிக்க வேண்டியதும் அக்காலே.