கழுத்தளவு சொல்லும் கணக்கு

ஹெல்மெட் மாட்டிக்கொண்டு முட்டி மோதி ஆடும் அமெரிக்கக் கால்பந்தில் தொழில்முறை ஆட்டக்காரர்கள் 25 பேரை, அந்நாட்டுக் கடற்படை மருத்துவர் ஆல்பர்ட் பென்கேயும் அவருடன் பணியாற்றியவர்களும் பரிசோதித்தார்கள். ஆய்வு வெளிவந்த ஆண்டு 1942. உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. படைக்கு ஆள் தேவைப்பட்ட நேரம். ஆனால் இந்த உயரத்துக்கு இவ்வளவு எடைதான் இருக்கலாம் என்ற அன்றைய அட்டவணைப்படி, அந்த 25 பேரில் 17 பேர் ராணுவத்துக்குத் தகுதியில்லாத குண்டு ஆசாமிகள்!

பென்கே அவர்களைத் தண்ணீருக்குள் எடை போட்டார். கதை மாறியது. பெரும்பாலானோர் உடலில் கொழுப்பு மிகக் குறைவு. அட்டவணை ‘மிகை’ என்று ஒதுக்கியது தசையையும் எலும்பையும்தான்.

கொழுப்பைப் பற்றி ஒரு கடற்படை மருத்துவருக்கு ஏன் இவ்வளவு அக்கறை? பென்கே ஆழ்கடலில் இறங்குபவர்களின் மருத்துவர். 1939-ல் ஸ்குவாலஸ் என்ற நீர்மூழ்கிக் கப்பல் மூழ்கியபோது, மீட்புப் பணியில் முக்குளித்தவர்களின் உயிரைக் காத்த மருத்துவர்களில் அவரும் ஒருவர். ஆழத்தில் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன், அழுத்தத்தால் உடலுக்குள் கரைகிறது. மேலே வேகமாக ஏறினால், சோடா பாட்டிலைத் திறந்ததுபோல அது குமிழ்களாக வெளிவந்து மூட்டுகளை முறுக்கும், நரம்பை முடக்கும், சிலரைக் கொன்றும் விடும். நைட்ரஜன் தண்ணீரில் கரைவதைப்போல ஏறத்தாழ ஐந்து மடங்கு கொழுப்பில் கரையும். ஆகவே ஒருவர் உடலில் கொழுப்பு எவ்வளவு என்பது அவர் உயிரோடு மேலே வருவாரா என்ற கேள்வியோடு பிணைந்தது. ராணுவ உடற்தகுதியில் இன்று பேசப்படும் கொழுப்புச் சதவீதத்தின் வேர்களில் ஒன்று கடலடியில் இருக்கிறது என்பது எனக்குத் தீராத வியப்பு.

தண்ணீருக்குள் எடை போடுவது ஆர்க்கிமிடீஸின் பழைய பாடம். மூழ்கும் பொருள், தான் ஒதுக்கிய நீரின் எடை அளவுக்கு லேசாகிறது. தரையில் ஒரு எடை, நீருக்குள் ஒரு எடை. இரண்டின் வித்தியாசத்திலிருந்து உடலின் கன அளவும், அதிலிருந்து அடர்த்தியும் கிடைத்துவிடும். கொழுப்பின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 0.9 கிராம், மற்ற எல்லாம் சேர்ந்து சுமார் 1.1. பிறகு வில்லியம் சிரி ஒரு சூத்திரம் தந்தார் (இமயத்தின் மகாலு சிகரத்துக்கு 1954-ல் ஒரு மலையேற்றக் குழுவை நடத்திச் சென்றவர் இவர்): 495-ஐ அடர்த்தியால் வகுத்து 450-ஐக் கழித்தால் கொழுப்புச் சதவீதம். அடர்த்தி 1.1 என்று போட்டுப் பாருங்கள், பூஜ்யம் வரும். 0.9 என்று போட்டால் நூறு. இந்த இரண்டு முனைகளுக்கு நடுவில்தான் நாம் எல்லோரும் இருக்கிறோம்.

கஷ்டம் மூச்சில் இருக்கிறது. முழுக்க வெளியே ஊதிய பிறகும் நுரையீரலில் ஒரு லிட்டருக்கு மேல் காற்று தங்கும். அந்தக் கணக்கில் அரை லிட்டர் பிசகினால், 75 கிலோ எடையுள்ளவருக்கு விடை மூன்று சதவீதப் புள்ளிகளுக்கு மேல் தவறும்.

லட்சக்கணக்கான வீரர்களை இப்படித் தொட்டியில் இறக்க முடியாது. 1984-ல் சான் டியேகோவிலுள்ள கடற்படை ஆய்வு மையத்தில் ஹாட்ஜ்டனும் பெக்கெட்டும் நூற்றுக்கணக்கானோரைத் தண்ணீரிலும் அளந்தார்கள், டேப்பாலும் அளந்தார்கள். தண்ணீர் சொன்ன விடைக்கு மிக நெருங்கி வரும் உடல் அளவுகள் எவை என்று தேடினார்கள். ஆண்களுக்குக் கிடைத்தவை மூன்று: உயரம், தொப்புளுக்கு நேரே வயிறு, கழுத்து. பெண்களுக்கு இடுப்போடு பின்புறத்தின் சுற்றளவும் சேர்ந்தது.

வயிறு சரி, கழுத்து எதற்கு? ஆண் உடல் கொழுப்பை முதலில் வயிற்றில் சேர்க்கிறது. கழுத்து பெரும்பாலும் சட்டகத்தையும் தசையையும் காட்டுகிறது. வயிற்றிலிருந்து கழுத்தைக் கழித்தால், அந்த ஆளின் இயல்பான பருமனைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் பார்ப்பதாக ஆகிறது. எத்தனை எளிய யோசனை! 70 அங்குல உயரம், 36 அங்குல வயிறு, 16 அங்குலக் கழுத்து கொண்ட இளைஞருக்கு, அவர்களுடைய சூத்திரத்தில் மடக்கை போட்டு முடித்தால், 19 சதவீதம் வரும். கழுத்து மட்டும் ஓர் அங்குலம் மெலிந்திருந்தால் 21. இதே சூத்திரத்தைப் பயன்படுத்திய அமெரிக்கத் தரைப்படையில் 20 வயது வரையுள்ள ஆண்களுக்கு உச்ச வரம்பு 20 ஆக இருந்தது. ஓர் அங்குலக் கழுத்து அவரை வரம்புக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டது. சில வீரர்கள் கழுத்துத் தசையை வளர்க்கத் தனிப் பயிற்சி செய்ததில் ஆச்சரியமே இல்லை. தரைப்படை விதியிலும் கொஞ்சம் கருணை இருந்தது: கழுத்தளவின் பின்னத்தை அடுத்த அரை அங்குலத்துக்கு ஏற்றி எழுதுவார்கள், வயிற்றளவை இறக்கி எழுதுவார்கள்.

ஆனாலும் என் மனம் ஆறவில்லை. இந்தச் சூத்திரத்தின் பிழை ஏறத்தாழ 3.5 சதவீதப் புள்ளி. மூன்றில் இருவருக்கு விடை அந்த எல்லைக்குள் இருக்கும். மூன்றாமவருக்கு அதையும் தாண்டித் தவறும். ஒரு படைப்பிரிவு முழுவதற்கும் சராசரி பார்க்க இது அருமையான கருவி. ஒரு தனி மனிதரின் பதவி உயர்வையும் பிழைப்பையும் அதன் ஒரு புள்ளியில் தொங்கவிடுவது நியாயமல்ல. சூத்திரம் யாரை அளந்து பிறந்ததோ அவர்களைப் போன்றவர்களுக்குத்தான் நன்றாகப் பொருந்தும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒரே அளவு எல்லா உடலுக்கும் ஒரே பொருள் தராது என்பதற்குச் சான்றாக, 2004-ல் லான்செட் மருத்துவ இதழில் இரண்டு மருத்துவர்களின் படம் வந்தது: புனேயின் யாஜ்னிக், லண்டனின் யூட்கின். உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு இருவருக்கும் அச்சாக 22.3. உடல் கொழுப்போ யூட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2.

2023-ல் அமெரிக்கத் தரைப்படை கழுத்தைக் கைவிட்டது. எடையும் வயிற்றளவும் மட்டும் போதும் என்று புதுச் சூத்திரம் கொண்டுவந்தது. அதில் தேறாதவர்கள் எக்ஸ்ரே ஸ்கேன் போன்ற மேம்பட்ட கருவிகளில் மறுசோதனை கேட்கவும் வழி செய்தது. அந்தச் சூத்திரத்தில் என்னை நிறுத்தியது ஒரு கழித்தல் குறி. வயிற்றளவைக் கூட்டுகிறார்கள், எடையைக் கழிக்கிறார்கள். இரண்டு ஆண்களுக்கும் வயிறு 36 அங்குலம், வயது 25 என்று வைத்துக்கொள்வோம். 180 பவுண்டு எடையுள்ளவருக்கு 23 சதவீதம் வருகிறது. அந்த வயதுக்கு அப்போது வரம்பு 22, அவர் தேறவில்லை. 210 பவுண்டு எடையுள்ளவருக்கு 19 வருகிறது. பென்கே தண்ணீரில் இறக்கிப் பார்த்த அந்தப் பதினேழு பேரில் பெரும்பாலானோரைப் போல, வயிற்றில் சேராத முப்பது பவுண்டை அவர் வேறெங்கோ தசையாகச் சுமக்கிறார் என்று சூத்திரமே எடுத்துக்கொள்கிறது.