முயல் ஊருக்கு வந்த மலைப்பாம்பு!

எங்கள் ஊருக்கு ஒரு கதை உண்டு. வேட்டை நாய்கள் ஒரு முயலைத் துரத்திக்கொண்டு வந்தனவாம். இந்த மண்ணை மிதித்ததும் முயல் சட்டென்று திரும்பி, நாய்களை விரட்ட ஆரம்பித்ததாம். 'அட, மண்ணிலேயே வீரம் இருக்கிறதே!' என்று அங்கேயே கோட்டை கட்டினார்களாம். ஊர், பாஞ்சாலங்குறிச்சி.

அந்த வீர மண்ணில் பிறந்த அடியேனை மூன்று வருஷமாகப் புத்தகங்கள் விரட்டிக்கொண்டிருந்தன. அதுவும் ஒன்றல்ல, மூன்று!

தூத்துக்குடியில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் குமாஸ்தா உத்தியோகம் எனக்கு. தினம் சாயங்காலம் இரண்டு லிஸ்ட் வரும். ஒன்று, துறைமுகப் பக்கத்திலிருந்து வருவது. இன்னொன்று, எங்கள் ஆபீஸ் லிஸ்ட். இரண்டையும் மேஜையில் விரித்து, ஸ்கேலை வைத்து, ஒவ்வொரு கன்டெய்னர் நம்பராக ஒப்பிட்டு டிக் அடிக்க வேண்டும். கன்டெய்னர் நம்பர் என்றால் சும்மா இல்லை. நாலு எழுத்து, ஏழு இலக்கம். அப்படி முந்நூறு, நானூறு நம்பர். முடிப்பதற்குள் கண் பூத்துவிடும். ஓட்டப்பிடாரம் பஸ்ஸும் போய்விடும்.

ஒருநாள் ஒரே ஒரு நம்பர் கண்ணுக்குத் தப்பிவிட்டது. அந்தப் பெட்டி யார்டிலேயே கிடந்து, இலவச நாட்கள் தாண்டி, வாடகை ஏறி... அதில் ஒரு பங்கை என் சம்பளத்தில் பிடித்துவிட்டார்கள். அந்த மாசம் பையனுக்கு வாங்கித் தருவதாகச் சொன்ன சைக்கிள், கடை வாசலிலேயே நின்றுவிட்டது.

பக்கத்து சீட் நண்பர் ஆறுதல் சொன்னார்: "இதெல்லாம் ஒரு புரோகிராம் எழுதினா ஒரு நிமிஷ வேலை சார்." சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். எனக்குத்தான் பிடித்துக்கொண்டது.

புத்தகம் ஒன்று: நீலத் திரை

பழைய புத்தகக் கடையில் 'சி' மொழிப் புத்தகம் ஒன்று. அட்டையில் ராக்கெட். நூற்றைம்பது ரூபாய். ஆபீஸில் கழித்துப் போட்ட கம்ப்யூட்டர் ஒன்று வீட்டில் இருந்தது. ராத்திரி உட்கார்ந்து, முதல் புரோகிராமை எழுத்துக்கு எழுத்து பார்த்து அடித்தேன். தப்பு என்றது. மறுபடி அடித்தேன். அதே தப்பு. மூன்று ராத்திரி இப்படி.

காரணம் பின்னால்தான் தெரிந்தது. புத்தகம் டர்போ சி காலத்தது. போர்லாண்ட் கம்பெனி 1987-ல் கொண்டுவந்த மென்பொருள் அது. நம் காலேஜ்களில் ரொம்ப காலம் ராஜ்யம் நடத்திய அந்த நீலத் திரை. திரையைத் துடைப்பதற்கென்று அதில் தனிக் கட்டளை ஒன்று உண்டு. என் புத்தகத்தில் பாதி புரோகிராம் அந்தக் கட்டளையில்தான் தொடங்கும். இன்றைய கம்பைலர்கள் பலவற்றுக்கு அப்படி ஒரு கட்டளை இருந்ததே தெரியாது. முதல் வரியிலேயே மல்லாந்துவிடும். எனக்கு இது எங்கே தெரியும்? 'நம்ம மண்டை இவ்வளவுதான்' என்று மூடி வைத்தேன்.

புத்தகம் இரண்டு: மகான்கள் எழுதியது

விவரம் தெரிந்த ஒருவர், "படிச்சா ஒரிஜினலைப் படிக்கணும்" என்றார். பிரையன் கெர்னிகனும் டென்னிஸ் ரிட்சியும் எழுதிய 'தி சி புரோகிராமிங் லாங்குவேஜ்'. 1978-ல் வந்தது; 1988-ல் இரண்டாம் பதிப்பு. ரிட்சிதான் அந்த மொழியையே உருவாக்கியவர். உலகம் முழுக்கக் கையெடுத்துக் கும்பிடும் புத்தகம். ஒல்லியாக வேறு இருந்ததா, ஆசையாக வாங்கிவிட்டேன்.

ஒல்லி என்றால் சாது என்று அர்த்தமில்லை. கராத்தே மாஸ்டர்கூட ஒல்லிதான்! முதல் அத்தியாயம் பாதி தாண்டுவதற்குள் மூச்சு வாங்கியது.

இதில் வேடிக்கை என்னவென்றால், முன்னுரையிலேயே அவர்கள் நேர்மையாகச் சொல்லியிருக்கிறார்கள்: இது புரோகிராமிங்குக்குப் புதியவர்களுக்கான ஆரம்பப் புத்தகம் இல்லை, அடிப்படை ஓரளவு தெரிந்திருக்க வேண்டும் என்று. முன்னுரையை யார் சார் படிக்கிறார்கள்? நான் படிக்கவில்லை. தப்பு புத்தகத்தில் இல்லை. அதை வாங்கிய ஆளிடம்.

புத்தகம் மூன்று: அடைப்புக்குறி

அடுத்து பைத்தான். நெதர்லாந்தில் கீடோ வான் ராசம் உருவாக்கி 1991-ல் வெளியிட்ட மொழி. பெயர் மலைப்பாம்பாக இருந்தாலும், வைத்தது பாம்பை நினைத்து அல்ல. 'மான்ட்டி பைத்தான்' என்ற பிரிட்டிஷ் நகைச்சுவை டி.வி. நிகழ்ச்சியின் ரசிகர் அவர்! சிரிப்புக்காரர் பெயர் வைத்த மொழி நம்மை அழ வைக்காது என்று நம்பி, தள்ளுபடியில் எண்ணூறு பக்கத்துக்கு ஒரு தலையணை வாங்கினேன்.

முதல் புரோகிராம்: 'வணக்கம்' என்று திரையில் எழுத வேண்டும். பிரிண்ட், பக்கத்தில் மேற்கோள் குறிக்குள் வணக்கம். அடித்தேன். தப்பு!

அந்தப் புத்தகம் பைத்தான் 2-க்கு எழுதியது. என் கம்ப்யூட்டரில் இருந்தது பைத்தான் 3. அது 2008 டிசம்பரில் வந்தது. அதில் பிரிண்ட்டுக்குப் பிறகு கட்டாயம் அடைப்புக்குறி போட வேண்டும். பழைய பைத்தான் 2-ஐ 2020 ஜனவரி 1-ம் தேதியோடு கைகழுவியும் விட்டார்கள். ஒரு ஜோடி அடைப்புக்குறி இல்லாததால் ஆறு மாசம் நான் என்னை முட்டாள் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

பழைய பேப்பர் கடையில் கிடைத்த முத்து

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா மகள் பிளஸ் டூ முடித்து, புத்தகங்களைக் கட்டி பழைய பேப்பர்காரரிடம் போட்டுக்கொண்டிருந்தாள். தராசில் மேலாக இருந்த அட்டையைப் பார்த்தேன். 'கணினி அறிவியல்', பன்னிரண்டாம் வகுப்பு, தமிழ் வழி. புரட்டினால்... பைத்தான்!

"அண்ணாச்சி, அந்தப் புத்தகத்த மட்டும் எடுத்துக்கிடுதேன்."

"போட்டது போட்டதுதான். கிலோவுக்கு என்ன ரேட்டோ, அதக் குடுத்துட்டு எடுத்துக்கிடுங்க!"

சொந்த மருமகள் புத்தகத்தை எடைக்குக் காசு கொடுத்து வாங்கிய ஒரே தாய்மாமன் நானாகத்தான் இருக்கும்.

"மாமா, இது உங்களுக்கு எதுக்கு?" என்று சிரித்தாள். விஷயத்தைச் சொன்னதும் முகம் மாறியது. "அப்பம் மொத நாலு பாடத்தையும் இப்பத் தொடாதீங்க. அதெல்லாம் தியரி. அஞ்சுலருந்து ஆரம்பிங்க. அடிச்சு அடிச்சுப் பாருங்க, சும்மா வாசிக்காதீங்க."

மூன்று புத்தகமும் சொல்லாததை, பதினேழு வயசுப் பெண் மூன்று வரியில் சொல்லிவிட்டாள்.

தமிழ்நாடு அரசின் புதிய பாடத்திட்டத்தில் 2018-ல் பதினோராம் வகுப்புக்கு சி++, 2019-ல் பன்னிரண்டாம் வகுப்புக்கு பைத்தான் என்று வந்த புத்தகங்கள் இவை. ஐந்தாம் பாடத்தில் மாறிகள். ஒன்பதாம் பாடத்தில் லிஸ்ட், செட் சமாச்சாரங்கள். பதின்மூன்றாம் பாடத்தில் சிஎஸ்வி கோப்புகளைப் படிப்பது எப்படி என்று இருக்கிறது. எங்கள் ஆபீஸ் லிஸ்ட்டை எக்ஸெல்லிலிருந்து அந்த வடிவத்தில் சேமிக்கலாம். எனக்காகவே யாரோ எழுதியது போல இருந்தது.

செட் என்பது நாம் பள்ளிக்கூடத்தில் 'கணம்' என்று படித்ததுதான். ஒரு கணத்திலிருந்து இன்னொன்றைக் கழித்தால், இதில் இருந்து அதில் இல்லாதது மட்டும் மிஞ்சும். நான் ஸ்கேல் வைத்து மூன்று மணி நேரம் செய்வது, ஒரு கழித்தல் குறி!

இரண்டரை மாசம். தினம் ஒரு மணி நேரம். பன்னிரண்டு வரியில் ஒரு புரோகிராம். ஆபீஸில் பெருமையாக ஓட்டினேன்.

பதினேழு கன்டெய்னர்களைக் காணோம் என்றது.

மேனேஜர் எட்டிப் பார்த்தார். "என்னவே, பதினேழு பெட்டியக் காணுமா? கப்பலே கவுந்துட்டா?" ஆபீஸே சிரித்தது.

பழைய ஆளாக இருந்தால் அன்றைக்கே மூடி வைத்திருப்பேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. ஒவ்வொரு நம்பரையும் நீளத்தோடு பிரிண்ட் செய்து பார்த்தேன். பதினொன்று வர வேண்டிய இடத்தில் சிலதுக்குப் பன்னிரண்டு வந்தது. யாரோ டைப் செய்தவர் கடைசியில் ஒரு ஸ்பேஸ் தட்டியிருக்கிறார்! நம் கண்ணுக்குத் தெரியாத வெற்றிடம், கம்ப்யூட்டருக்கு ஒரு முழு எழுத்து. அதை நீக்க ஒரு சொல் சேர்த்தேன். பதினேழு, சைபர் ஆனது.

அடுத்த வாரம் ஒருநாள் புரோகிராம் 'ஒன்று' என்றது. சரிபார்த்தோம். நிஜமாகவே எங்கள் லிஸ்ட்டில் விடுபட்ட பெட்டி. அன்றைக்கே லாரி போனது. மேனேஜர் ஒன்றும் சொல்லவில்லை. டீ மட்டும் வந்தது.

கடையில் நின்று பார்க்க ஐந்து விஷயம்

மூன்று தோல்வி, ஒரு ஜெயத்தில் கற்றதைச் சொல்கிறேன்.

ஒன்று: முன்னுரையைப் படியுங்கள். யாருக்காக எழுதியது என்று ஆசிரியரே சொல்லியிருப்பார். அந்த ஆள் நீங்கள்தானா என்று பாருங்கள்.

இரண்டு: வருஷத்தைப் பாருங்கள். எந்தப் பதிப்பு மென்பொருளுக்கு எழுதியது, உங்கள் கம்ப்யூட்டரில் இருப்பது எது? கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிற நாம், இந்த ஒரு பொருத்தம் பார்க்கக் கூடாதா?

மூன்று: முதல் இருபது பக்கத்துக்குள் உங்களை ஏதாவது டைப் செய்ய வைக்கிறதா? கம்ப்யூட்டரின் வரலாற்றிலேயே ஐம்பது பக்கம் ஓடினால், கீழே வைத்துவிடுங்கள். என் பாடநூலிலும் முதல் நாலு பாடத்தை நான் அப்புறம்தான் படித்தேன்.

நான்கு: பயிற்சிக் கேள்விகள் உண்டா? நீச்சல் புத்தகம் வாசித்து யாரும் முத்துக் குளித்ததில்லை.

ஐந்து: உங்களுக்குப் புரிகிற பாஷையா? இதில் வெட்கமே வேண்டாம். 1578-ல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' பதினாறே பக்கம். இந்திய மொழி ஒன்றில் இந்தியாவில் அச்சான முதல் புத்தகம் அது. எங்கள் முத்துக்குளித்துறை ஜனங்களுக்கிடையே வேலை செய்த ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் என்ற போர்த்துக்கீசியப் பாதிரியார் கொண்டுவந்தது. புதிய விஷயத்தைச் சொல்ல வேண்டும் என்றால், சின்னதாக, கேட்பவன் பாஷையில் சொல்ல வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

காசும் பெரிசாக வேண்டாம். அரசுப் பாடநூல்களை இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். இங்கிலீஷ் ஓரளவு வரும் என்றால் அல் ஸ்வைகார்ட் எழுதிய 'ஆட்டோமேட் தி போரிங் ஸ்டஃப் வித் பைத்தான்' இருக்கிறது. 2015-ல் முதலில் வந்தது. ஆபீஸ் ஆசாமிகளின் அலுப்பு வேலைகளைக் குறைக்கவே எழுதியது. அவருடைய தளத்தில் காசில்லாமல் வாசிக்கலாம். வீட்டில் குழந்தைகள் இருந்தால் முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' மொழியைக் காட்டுங்கள். அதில் கட்டளையே தமிழ், பிரிண்ட்டுக்கு 'பதிப்பி'.

எதை எடுத்தாலும் ஒன்றே ஒன்றை எடுத்து முடியுங்கள். ஒரு பாடநூலை முடித்ததும் பெங்களூரில் வேலை காத்திருக்காது. ஆனால் அடுத்த புத்தகத்தைப் பார்த்து பயம் வராது. கெர்னிகனையும் ரிட்சியையும் இப்போது மறுபடி எடுத்திருக்கிறேன். புரிகிறது சார்!

"இப்பல்லாம் ஏ.ஐ. கிட்ட கேட்டா அதுவே எழுதிக் குடுத்துரும்லா, எதுக்குப் புத்தகம்?" என்கிறான் மச்சினன். கொடுக்கும்தான். ஆனால் அது பதினேழு பெட்டியைக் காணோம் என்றால், காணோமா இல்லையா என்று யார் சொல்வது? சம்பளத்தில் பிடிப்பது ஏ.ஐ.க்கு இல்லை மாப்ளே, எனக்கு!

1801-ல் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்த ஊமைத்துரை, இடித்துப் போட்டிருந்த எங்கள் ஊர்க் கோட்டையைச் சில நாட்களிலேயே திரும்பக் கட்டினார். வெள்ளைக்காரன் வாயைப் பிளந்தான். கருங்கல்லுக்குக் காத்திருக்கவில்லை அவர். காலுக்குக் கீழே கிடந்த மண்ணைக் குழைத்துத்தான் கட்டினார்.

இப்போதெல்லாம் ஆறரை பஸ்ஸைப் பிடித்துவிடுகிறேன். போன மாசம் சைக்கிளும் வீடு வந்து சேர்ந்தது. பையன் ஓட்டப் பழகுகிறான். "எப்படிப்பா ஓட்டணும்னு புத்தகம் இருக்கா?" என்று கேட்டான்.

"இதுக்கு மட்டும் வேண்டாம்லே. நேரா ஏறி விழு!" என்றேன்.