துறைகள் கூடும் இடம்: வங்கதேசத்தின் நீர் தரும் பாடம்

பதினோராம் நூற்றாண்டில் ‘அல்கானூன்’ என்னும் மருத்துவப் பெருநூலை இயற்றிய இப்னு சீனா, தம் ‘கிதாபுஷ் ஷிஃபா’வில் மலைகள் உருவாகும் விதத்தையும் ஆராய்ந்தார். மருத்துவரும் நிலவியலாரும் ஒருவராகவே இருக்க முடிந்த காலம் அது. அறிவு பெருகிவிட்ட இக்காலத்தில் ஒருவரே அனைத்தையும் கற்றுத் தேர்தல் இயலாது. துறைப் பிரிவுகள் ஆழ்ந்த ஆய்வுக்கு இன்றியமையாதவை. ஆயினும் அவை நாம் வகுத்துக்கொண்டவை. இயற்கை அவற்றை அறியாது. இவ்வுண்மையை மறந்தால் நேர்வது யாது, நினைவிற் கொண்டால் விளைவது யாது என்பதை வங்கதேசத்தின் குடிநீர் வரலாறு நமக்குக் காட்டுகிறது.

ஆறுகளும் குளங்களும் நிறைந்த அந்நாட்டில் மாசடைந்த நீரால் பரவிய வயிற்றுப்போக்கு நோய்கள் எண்ணற்ற குழந்தைகளின் உயிரைப் பறித்து வந்தன. இதைத் தடுக்க 1970களில் யூனிசெஃப் முதலிய அமைப்புகளின் துணையோடு குழாய்க் கிணறுகள் பெருமளவில் தோண்டப்பட்டன. கிருமியியல் நோக்கில் இத்திட்டம் சரியானதே. ஆனால், அக்காலத்து வழக்கமான நீர்ச் சோதனையில் ஆர்செனிக் என்னும் நஞ்சைத் தேடும் சோதனை இடம்பெறவில்லை. 1993இல் அந்நஞ்சு அங்குள்ள கிணற்று நீரில் கண்டறியப்பட்டது. இமயமலையிலிருந்து ஆறுகள் சுமந்து வந்த வண்டலில் இரும்புச் சேர்மங்களோடு ஒட்டியிருந்த ஆர்செனிக், ஆக்சிஜன் அற்ற நிலத்தடியில் நுண்ணுயிர்களின் செயலால் நீரில் கரைந்திருந்தது. நிறமும் சுவையும் மணமும் இல்லாத இந்நஞ்சு முதலில் தோலைத் தாக்கும். ஆண்டுகள் கழிந்து புற்றுநோயாகவும் வெளிப்படும். 3.5 கோடி முதல் 7.7 கோடி மக்கள் வரை இதன் ஆபத்துக்கு உள்ளாகியிருந்ததாக, உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்விதழில் 2000இல் வெளியான கட்டுரை மதிப்பிட்டது. ஒரு துறையின் நல்ல விடை, மற்றொரு துறையைக் கேளாததால் துயரமாக மாறியது.

அதே நாட்டில் காலராவைப் பற்றி நடந்த ஆய்வோ வேறொரு பாடத்தைத் தருகிறது. காலராக் கிருமி மனிதக் குடலிலிருந்து நீருக்கு வந்து, மீண்டும் மனிதரை அடைகிறது என்பதே நெடுங்காலக் கருத்து. கொள்ளைநோய் இல்லாத காலங்களில் அக்கிருமி எங்கே தங்குகிறது என்ற வினாவுக்குக் கடல் நுண்ணுயிரியலாளர் ரீட்டா கால்வெல், வங்கதேச அறிஞர் அன்வர் ஹக் முதலியோர் நீர்நிலைகளிலேயே விடை தேடினர். துடுப்புக்காலிகள் எனப்படும் மிகச் சிறிய மிதவை உயிரிகளின் உடலில் அக்கிருமி ஒட்டி வாழ்வது தெரிய வந்தது. வங்காள விரிகுடாவின் மேற்பரப்பு வெப்பத்துக்கும் வங்கதேசத்தில் காலரா பெருகும் பருவங்களுக்கும் தொடர்பிருப்பதைச் செயற்கைக்கோள் தரவுகள் காட்டின. கடலியலும் வானிலையியலும் மருத்துவத்தோடு கைகோத்தன.

இந்த அறிவு ஏழையின் குடத்துக்கு வந்த விதமே நம் கவனத்துக்கு உரியது. தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கலாம். ஆனால், அதற்குரிய விறகு ஏழைகளுக்கு அரிது. தனிக் கிருமியை வடிகட்ட நுண்ணிய வடிகட்டி வேண்டும். அது ஒட்டியுள்ள மிதவை உயிரியோ அதைவிடப் பன்மடங்கு பெரியது, துணியாலேயே தடுத்துவிடலாம். அந்நாட்டுப் பெண்கள் பானங்களைப் பழைய புடவைத் துணியால் வடிகட்டுவதை ஆய்வாளர் அறிந்திருந்தனர். பலமுறை துவைத்த பருத்திப் புடவையை நான்கு மடிப்புக்குக் குறையாமல் மடித்தால், நூலிடை வெளிகள் சுமார் 20 மைக்ரான் அளவுக்குச் சுருங்குகின்றன என்பது நுண்ணோக்கியில் புலப்பட்டது. மத்லப் பகுதியின் 65 கிராமங்களில், ஏறத்தாழ 1,33,000 மக்களிடையே நடத்திய ஆய்வின் முடிவு 2003இல் வெளிவந்தது. புடவையால் நீரை வடிகட்டிய கிராமங்களில் காலரா 48 விழுக்காடு குறைந்திருந்தது.

பாதி குறைந்தது என்றால் பாதி எஞ்சியது என்றே பொருள். எனவே தூய குடிநீர், கழிவுநீர் அகற்றல், உப்புச் சர்க்கரைக் கரைசல், தடுப்பூசி ஆகியவற்றுக்குப் புடவை மாற்றாகிவிடாது. நீரில் கரைந்த ஆர்செனிக்கையும் அது தடுக்காது. எனினும், விலையின்றிக் கிடைக்கும் ஒரு துணி, கிருமியியல், கடலியல், மருத்துவம் ஆகியவற்றோடு பெண்களின் அன்றாட அனுபவமும் கூடியபோது உயிர்காக்கும் கருவியாயிற்று.

துறையிடை ஆய்வு என்பது பல துறைப் பெயர்களை ஒரே அறிக்கையில் அடுக்குவதன்று. தன் துறை காணாத ஒன்றை அடுத்த துறை கண்டிருக்கக்கூடும் என்று ஏற்கும் பணிவும், திட்டம் தொடங்குமுன் அதைக் கேட்டறியும் பொறுப்புமே அதன் உயிர்நாடி. நம் கல்வி நிலையங்கள் மாணவர்க்கு ஆழ்ந்த புலமையோடு இப்பணிவையும் கற்பிக்குமாயின், அறிவியலின் பயன் ஆய்வகத்தில் நின்றுவிடாது. எளிய மக்களின் குடிநீர்க் குடம் வரை சென்று சேரும்.