மதில் போன வழி

அரியலூர்ச் சீமையிலே கங்கைகொண்ட சோழபுரம்; சோழர் 250 ஆண்டுகள் ஆண்ட தலைநகர்! இராசராசன் பெருவழி, இராசேந்திரன் பெருவழி, திருமதில் பெருவழி என்று அதன் வீதிகளைக் கல்வெட்டு கூறுகிறது. இன்று? நகர மதில் மண்மேடு. மாளிகைமேட்டில் தோண்டினால், ஒரு மீட்டருக்கும் மேல் கனமான செங்கற்சுவரின் அடி மட்டும் கிடைக்கிறது.

கருங்கல்லால் ஆன கோயில் மதில் எங்கே, தோழர்களே? 1836-ல் கொள்ளிடத்தில் கீழணை கட்டிய வெள்ளை ஆட்சி, அதன் பெரும்பகுதியைப் பெயர்த்துச் சென்றது! மறித்தவர் மிட்டாமிராசுகளா? அல்ல, ஊர் ஏழைகள்! கிடைத்தது தண்டனை. செங்கல்லால் மதில் எழுப்புவதாகத் தந்த வாக்கும் காற்றோடு போயிற்று. நாம் சொல்லவில்லை, 1855-ல் அச்சான ஆங்கில கெசட்டியரே சொல்கிறது.

அணையை நாம் பழிக்கவில்லை. அது வயலுக்கு நீர் தந்தது. ஆனால் பெருவழிகள் சிலவற்றுக்கு மன்னர் பெயர் இருக்கிறது. மறித்து நின்ற ஏழையின் பெயர் கெசட்டியரிலும் இல்லை.